தேர்தல் மேடைப் பொய்: எது பதவியைப் பறிக்கும், எது பறிக்காது?

1967ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாகத் திராவிட முன்னேற்றக் கழகம் வாக்களித்தது. அரிசித் தட்டுப்பாட்டில் அல்லற்பட்டுக்கொண்டிருந்த மக்களிடம் அந்த வாக்குறுதி நேராகச் சென்று சேர்ந்தது. கட்சி வென்றது, அண்ணா முதலமைச்சரானார், அதே ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கப்பட்டது. மீதி இரண்டு படி வரவே இல்லை. “மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம்” என்ற தொடர் மட்டும் தமிழக அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது. அன்றைய எதிர்ப்பாளர்கள் இதை ஏமாற்று என்றார்கள். ஆதரவாளர்கள் இயன்ற அளவுக்கு முயன்ற நேர்மை என்றார்கள். இந்த வழக்கைத் தேர்தல் சட்டத்தின் முன் கொண்டுபோய் வைத்தால், சட்டம் இரு தரப்புக்கும் தீர்ப்புச் சொல்லாது. இது தன் வேலையே இல்லை என்று ஒதுங்கிக்கொள்ளும்.

அது ஏன் ஒதுங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால், தேர்தல் காலத்தில் அரசியல்வாதிகளின் உண்மையும் பொய்யும் சட்டத்தின் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன என்பது விளங்கிவிடும். மேடைப் பேச்சைப் பற்றிப் பொதுமக்களிடம் இரண்டு எண்ணங்கள் உண்டு. பொய் சொல்லி வென்றவரின் வெற்றி செல்லாது என்பது ஒன்று. தேர்தலில் என்ன பொய்யும் சொல்லலாம், கேட்பாரில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே முழு உண்மையல்ல. இந்தியச் சட்டம் சில பொய்களுக்கு மிகக் கடுமையான விலை வைத்திருக்கிறது. ஆனால் வாக்காளர் நாள்தோறும் கேட்கும் பொய்களில் பெரும்பாலானவை அந்தச் சிலவற்றுக்குள் வருவதில்லை.

முதலில் வாக்குறுதியை எடுத்துக்கொள்வோம். வாக்குறுதி என்பது வருங்காலத்தைப் பற்றியது. சொல்லப்படும் நேரத்தில் அதை மெய் என்றோ பொய் என்றோ சரிபார்க்க முடியாது. ஒருவர் ‘செய்வேன்’ என்று சொல்லும்போதே செய்யும் எண்ணம் அவருக்கு இல்லையென்றால் அது பொய்தான். ஆனால் அந்த எண்ணத்தை எந்தச் சாட்சியைக் கொண்டு நிரூபிப்பது? கலர் டிவி, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி போன்ற இலவசங்களை அறிவித்த தமிழகத் தேர்தல் அறிக்கைகளை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி என்பவர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கையில் சொல்லப்படும் வாக்குறுதிகள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி முறைகேடு ஆகமாட்டா என்று கூறிய நீதிமன்றம், அவை வாக்காளர்களின் மனத்தை அசைக்கின்றன என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டு, தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டும் விதிகளை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. அதன்படி, வாக்குறுதிக்கான காரணமும் அதற்குப் பணம் வரும் வழியும் அறிக்கையில் பொதுவாகவாவது சொல்லப்பட வேண்டும் என்றும், நிறைவேற்றக்கூடிய வாக்குறுதிகளைக் காட்டியே நம்பிக்கை கோர வேண்டும் என்றும் தேர்தல் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்டது. 2022இல் இந்தத் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் பொறுப்பு மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. வீட்டுக்கு வரும் தேர்தல் அறிக்கையைப் புரட்டிப் பார்ப்பவர்கள், பணம் வரும் வழி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். தேடல் பெரும்பாலும் நீண்டுவிடும்.

வாக்குறுதியா, பேச்சு வேகத்தில் வந்த உவமையா என்று பிரித்தறிய முடியாத இடமும் உண்டு. வெளிநாட்டில் பதுக்கப்பட்ட கறுப்புப் பணம் முழுவதும் திரும்பி வந்தால் ஒவ்வொரு ஏழைக்கும் 15 முதல் 20 லட்ச ரூபாய் வரை கிடைக்கும் என்ற பொருளில் 2014 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய பிரசாரத்தில் நரேந்திர மோடி பேசியதை, கேட்டவர்களில் பலர் கணக்கில் பணம் விழும் என்ற உறுதிமொழியாகவே எடுத்துக்கொண்டார்கள். 2015இல் அன்றைய பாஜக தலைவர் அமித் ஷா அதை ஒரு ‘ஜும்லா’, அதாவது வெறும் பேச்சு வழக்கு, என்றார். சொன்னவர் தரப்பு உவமை என்கிறது, கேட்டவர் தரப்பு உறுதிமொழி என்கிறது. இடையில் நின்று தீர்ப்புச் சொல்லும் கருவி எதுவும் சட்டத்திடம் இல்லை.

அடுத்தது கருத்து. ‘இது ஊழல் மலிந்த ஆட்சி’, ‘இவர்களின் கொள்கை நாட்டைக் கெடுத்துவிட்டது’ போன்ற பேச்சு எவ்வளவு மிகையானாலும் கருத்துதான். அதில் சட்டம் தலையிடாது, தலையிடவும் கூடாது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது வகை, நடந்ததைப் பற்றிய கூற்று. இதைத்தான் சட்டம் ‘உண்மைச் செய்தி பற்றிய கூற்று’ என்று பிரித்து எடுக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவு, தேர்தலில் முறைகேடான செயல்கள் எவை என்று பட்டியலிடுகிறது. லஞ்சம், மிரட்டல், சாதி மத அடிப்படையில் வாக்குக் கேட்டல் ஆகியவற்றோடு, அதன் 4ஆவது உட்பிரிவில் பொய்யும் இருக்கிறது. ஆனால் அந்த உட்பிரிவுக்குள் ஒரு பொய் நுழைவதற்குப் பல வாசல்களைக் கடக்க வேண்டும். கூற்று நடந்ததைப் பற்றியதாக இருக்க வேண்டும். பொய்யாக இருக்க வேண்டும். சொன்னவர் அது பொய் என்று அறிந்தோ, மெய் என்ற நம்பிக்கை இல்லாமலோ சொல்லியிருக்க வேண்டும். அது ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையையோ, அவர் போட்டியிடுவதையோ, போட்டியிலிருந்து விலகுவதையோ பற்றியதாகவும், அவருடைய வெற்றி வாய்ப்பைக் கெடுக்கும் தன்மையுடையதாகவும் இருக்க வேண்டும். இவை அத்தனைக்கும் மேலாக, வேட்பாளரோ அவருடைய முகவரோ அவர்கள் சம்மதத்துடன் வேறொருவரோ அதை வெளியிட்டிருக்க வேண்டும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு தொகுதியில் வாக்குப்பதிவுக்கு முதல் நாள், ‘எதிர் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகி எனக்கு ஆதரவு தெரிவித்துவிட்டார்’ என்று ஒரு வேட்பாளர் துண்டறிக்கை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுக்கிறார். அது பொய் என்பது அவருக்கே தெரியும். இது 4ஆவது உட்பிரிவுக்குள் அப்படியே பொருந்தும். ‘அவர் அறக்கட்டளைப் பணத்தைக் கையாடியவர்’ என்று, பொய்யெனத் தெரிந்தே மேடையில் சொன்னாலும் பொருந்தும். ஆனால் ‘அவருடைய கட்சி ஆட்சியில் இந்த மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம்கூடக் கட்டப்படவில்லை’ என்று சொல்லி, உண்மையில் இருபது பள்ளிகள் கட்டப்பட்டிருந்தால்? அது பச்சைப் பொய்தான், சரிபார்க்கக்கூடிய பொய்யும்கூட. ஆயினும் அது ஒரு கட்சியின் பொதுச் செயல்பாட்டைப் பற்றியது. எந்த வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையையும் அது தொடவில்லை. எனவே உட்பிரிவு அதைத் தீண்டாது. தன் பெருமையைத் தானே பொய்யாகப் பேசிக்கொள்வதும், தான் கட்டாத பாலத்தைக் கட்டியதாகச் சொல்வதும் இதே வகைதான்.

இங்கேதான் இந்தச் சட்டத்தின் உண்மையான முகம் தெரிகிறது என்பது என் கருத்து. அது வாக்காளரைப் பொய்யிலிருந்து காப்பதற்காக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. வேட்பாளரின் நற்பெயரை அவதூறிலிருந்து காப்பதற்காகவே எழுதப்பட்டிருக்கிறது. இதன் வேர் பிரிட்டனில், 1895ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிய பொய்க் கூற்றைத் தேர்தல் குற்றமாக்கியது அந்தச் சட்டமே. அதே வழி வந்த பிரிவு பிரிட்டனில் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2010 பொதுத் தேர்தலில் 103 வாக்கு வித்தியாசத்தில் வென்ற தொழிற்கட்சியின் ஃபில் ஊலாஸ், தன் எதிர் வேட்பாளரைத் தீவிரவாதிகளின் ஆதரவைத் தேடுபவராகச் சித்தரித்துத் துண்டறிக்கைகள் வெளியிட்டதற்காகத் தேர்தல் நீதிமன்றத்தில் பதவி இழந்தார். 1911க்குப் பிறகு அந்நாட்டில் இப்படி ஒரு வெற்றி ரத்தானது அதுவே முதல்முறை.

இந்தியாவிலும் இந்த உட்பிரிவு எப்போதாவதுதான் கடிக்கிறது, ஆனால் கடித்தால் ஆழமாகக் கடிக்கிறது. 1991 மக்களவைத் தேர்தலில் மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் யஷ்வந்த்ராவ் கடாக், சுயேச்சையாக நின்ற பாலாசாகேப் விகே பாட்டீலைத் தோற்கடித்தார். பிரசாரக் கூட்டங்களில் விகே பாட்டீலின் நடத்தையைப் பற்றிச் சொல்லப்பட்டவை பொய் என்று தொடரப்பட்ட வழக்கில், கடாக்கின் வெற்றி செல்லாது என்பதை 1993இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூத்த தலைவர்களே மேடைப் பேச்சின் தரத்துக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்ற கவலையை அந்தத் தீர்ப்பு வெளிப்படுத்தியது. முறைகேடு நிரூபிக்கப்பட்டால் வெற்றி ரத்தாவதோடு நிற்பதில்லை. தேர்தல் ஆணையத்தின் கருத்தைப் பெற்றுக் குடியரசுத் தலைவர் அவரை அதிகபட்சம் 6 ஆண்டுகள் வரை தகுதி நீக்கம் செய்யலாம். விளைவு இவ்வளவு கடுமையாக இருப்பதாலேயே, இத்தகைய வழக்குகளில் குற்ற வழக்குக்கு நிகரான ஆதாரத்தை நீதிமன்றங்கள் கேட்கின்றன. சந்தேகத்தின் பலன் பேசியவருக்கே போகிறது.

தண்டனைச் சட்டத்திலும் இதே பொய்க்கு ஓரிடம் உண்டு. 1920இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் தேர்தல் குற்றங்களுக்கான அத்தியாயம் சேர்க்கப்பட்டபோது வந்த 171ஜி பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 175ஆவது பிரிவாக இருக்கிறது. அதுவும் வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிய பொய்யையே குறிக்கிறது. அதற்குத் தண்டனை அபராதம் மட்டுமே.

முன்னே சொன்ன வாசல்களில் ‘சம்மதம்’ என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். துண்டறிக்கையின் அடியில் அச்சகத்தின் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் காலத்துப் பொய்க்கு ஒரு முகவரி இருந்தது. இன்று வாட்ஸ்அப் குழுவில் ஓடும் ஒரு போலிக் காணொளியை யார் செய்தார்கள் என்றே தெரியாது. தெரிந்தாலும், அது வேட்பாளரின் சம்மதத்துடன் செய்யப்பட்டது என்று நிரூபிப்பது ஏறக்குறைய நடவாத காரியம். ஆகவே பிரிவு அப்படியே இருக்க, பொய் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது, இத்தகைய போலிப் பதிவுகள் தங்கள் கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் மே 6 அன்று கட்சிகளுக்கு உத்தரவிட்டது. ஒரு பொய் ஊர் சுற்றி வர மூன்று மணி நேரம் தாராளமாகப் போதும் என்பது வேறு கதை.

தேர்தல் நடத்தை விதிகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1960இல் கேரளச் சட்டமன்றத் தேர்தலையொட்டி உருவான இந்த விதிகள், பிற கட்சிகளின் கொள்கை, திட்டம், கடந்த காலச் செயல்பாடு ஆகியவற்றோடு விமர்சனத்தை நிறுத்திக்கொள்ளுமாறும், சரிபார்க்கப்படாத குற்றச்சாட்டுகளையும் திரித்துக் கூறுதலையும் தவிர்க்குமாறும் கேட்கின்றன. நான் மேலே சொன்ன பள்ளிக்கூடப் பொய்யை ஓரளவாவது தொடும் ஒரே விதி இதுதான். ஆனால் இது சட்டமன்று, கட்சிகள் ஒப்புக்கொண்ட ஒழுங்கு. நோட்டீஸ், கண்டிப்பு, சில நாள் பிரசாரத் தடை ஆகியவற்றுக்கு மேல் இதன் கை நீள்வது அரிது. இதை மீறியதற்காக மட்டும் யாருடைய வெற்றியும் ரத்தாவதில்லை.

பொதுச் செயல்பாடு பற்றிய மேடைக் கூற்று ஒன்று நீதிமன்றத்தில் சிக்கிய நிகழ்வும் உண்டு. 2019 தேர்தல் பிரசாரத்தின்போது ரஃபேல் விமானக் கொள்முதல் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஓர் உத்தரவைச் சுட்டிக்காட்டி, ‘காவலாளியே திருடர்’ என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என்ற பொருளில் ராகுல் காந்தி பேசினார். நீதிமன்றம் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவமதிப்பு வழக்கு வந்தது. மே மாதத்தில் அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். இனிக் கவனமாக இருக்குமாறு அறிவுறுத்தி நவம்பரில் வழக்கை நீதிமன்றம் முடித்துவைத்தது. பிரதமரைத் திருடர் என்றதற்காக அந்த வழக்கு எழவில்லை. சொல்லாத சொல்லை நீதிமன்றத்தின் வாயில் வைத்ததற்காகவே எழுந்தது. வாக்காளருக்குப் பொய்ச் செய்தி போய்ச் சேர்ந்தது என்ற குறை அங்கே யாருடைய வழக்காகவும் இல்லை.

ஆனால் வேட்பாளர் சத்தியம் செய்து உண்மை பேசியே தீர வேண்டிய ஓரிடம் இருக்கிறது. அது மேடையன்று, வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 மே மாதத்தில் அளித்த தீர்ப்பு, வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்றது. கட்சிகள் வேறுபாடு மறந்து ஒன்றுகூடி, அந்தத் தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்யும் 33பி என்ற பிரிவை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்த்தன. 2003 மார்ச்சில் நீதிமன்றம் அதையும் செல்லாதென்றது. மற்ற எதிலும் ஒன்றுபடாதவர்கள் இதில் ஒன்றுபட்டார்கள் என்பதை நான் மறக்க விரும்பவில்லை. இன்று படிவம் 26 என்று அழைக்கப்படும் இந்தப் பத்திரத்தில் பொய் சொன்னாலோ உண்மையை மறைத்தாலோ 125ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். கட்டங்களை வெறுமையாக விட்டால் மனுவையே தள்ளிவிடலாம் என்று 2013இல் வந்த தீர்ப்பு சொல்கிறது.

இந்த இடத்தில் சொன்ன பொய் பதவியையும் பறித்திருக்கிறது. மணிப்பூரின் மொய்ராங் தொகுதியில் 2012இல் வென்ற பிருத்விராஜ் சிங், மைசூர் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ படித்ததாகப் பத்திரத்தில் எழுதியிருந்தார், படிக்கவில்லை. எழுத்துப்பிழை என்ற விளக்கத்தை ஏற்காத உச்ச நீதிமன்றம் 2016இல் அவருடைய தேர்தல் செல்லாதென்றது. எம்பிஏ படிப்பது சட்டமன்ற உறுப்பினர் ஆவதற்குத் தேவையே இல்லாத தகுதி. ஆனாலும் படிக்காததைப் படித்ததாகச் சொன்னது வாக்காளரின் தேர்வைக் கெடுக்கும் பொய்யாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி ஊராட்சியின் கதை இதைவிடப் பெரியது. 2006 உள்ளாட்சித் தேர்தலில் தலைவராக வென்றவர், தன்மீது இருந்த வழக்குகளில் ஒன்றை மட்டும் சொல்லி, நிதிக் கையாடல் தொடர்பான மற்றவற்றை மறைத்திருந்தார். குற்ற வழக்குகளை மறைப்பது வாக்காளரின் சுதந்திரமான தேர்வில் முறையற்ற தலையீடு என்றும், ஆகவே அதுவும் முறைகேடான செயலே என்றும் 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் ஊராட்சித் தலைவர் தேர்தல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டக் கோட்பாட்டைத் தந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு: ஒவ்வொரு சிறு அசையும் பொருளையும் எழுதாதது குற்றமாகாது, அது வாக்காளரின் முடிவைப் பாதிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று அருணாசலப் பிரதேசத்தின் தேசு தொகுதி வழக்கில் 2024இல் அதே நீதிமன்றம் கூறியது.

அப்படியானால் மேடைப் பேச்சையும் பிரமாணப் பத்திரம் போல நடத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1985ஆம் ஆண்டு முதல் அதற்கு அருகில் வரும் ஒரு சட்டம் இருக்கிறது. தேர்தல் விளம்பரத்தில் நடந்ததைப் பற்றிய கூற்று தவறாகவும் கணிசமாகத் திசைதிருப்புவதாகவும் இருந்தால், அதை விலக்கி மறுப்பு வெளியிடுமாறு தேர்தல் ஆணையர் கேட்கலாம். அதுவும் விளம்பரத்தை மட்டுமே தொடுகிறது, கருத்தையும் வாக்குறுதியையும் தொடுவதில்லை. இதற்கு மேல் விரிவுபடுத்த நினைக்கும்போது, எது பொய் என்று யார் சொல்வது என்ற கேள்வி வந்து நிற்கிறது. மத்திய அரசின் செயல்பாடு பற்றிய இணையப் பதிவுகளில் எது பொய் என்று அரசே அமைக்கும் ஒரு பிரிவு முடிவு செய்யலாம் என்று 2023இல் தகவல் தொழில்நுட்ப விதிகளில் ஒரு திருத்தம் வந்தது; பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் அதைச் செல்லாதென்றது. போட்டியில் இருப்பவரே நடுவராக முடியாது என்பதால் அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் நடுவரை ஆட்சியிலிருந்து விலக்கி அமைக்க முடிந்தால், சரிபார்க்கக்கூடிய எண்களை மேடையில் பொய்யாகச் சொல்வதற்காவது ஒரு விலை இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

இப்போதைக்கு வாக்காளர் கையில் இருப்பது படிவம் 26தான். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஐந்து ஆண்டு வருமானக் கணக்கும், நிலுவையில் உள்ள வழக்குகளும், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கிகளும் அதில் இருக்கும். ஒரே வேட்பாளர் முந்தைய தேர்தலில் கொடுத்ததையும் இந்தத் தேர்தலில் கொடுத்ததையும் அருகருகே வைத்துப் படித்தால், கல்வித் தகுதி மாறியிருப்பதையோ, ஒரு நிலம் காணாமற்போயிருப்பதையோ கண்டுபிடிக்க வழக்கறிஞர் தேவையில்லை. கண்டுபிடித்தவர் அந்தத் தொகுதியின் வாக்காளரானால், முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடரலாம். மற்ற வழக்குகளில் தாமதத்தை மன்னிக்கும் வழி நீதிமன்றத்துக்கு உண்டு; தேர்தல் வழக்கில் அது இல்லை. 46ஆவது நாள் கொண்டுவரப்படும் மனுவை, அதில் எவ்வளவு வலுவான ஆதாரம் இருந்தாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும்.